பேசாப்பொருள்: ‘டாபூ’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

பொது மருத்துவத் துறையின் சீர்திருத்தம் பற்றி எழுதுவோர், கட்டணம், தனியார் பங்கு, யாருக்கு முதலில் சிகிச்சை என்பன போன்ற கேள்விகளை அவையில் எழுப்பவே பலர் அஞ்சும் நிலையை ‘டாபூ’ என்று குறிப்பிடுகிறார்கள். இது பசிபிக் தீவுக்கூட்டமான தோங்காவின் சொல். 1777-இல் அங்கே தங்கியிருந்த ஆங்கிலக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் குறிப்புகள் வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. மூலமொழியில் அதற்குப் புனிதமானது, விலக்கப்பட்டது என்னும் இரு பொருளும் சேர்ந்தே உண்டு.

மருத்துவத்தைப் பொறுத்தவரை அந்த இரட்டைப் பொருள்தான் முக்கியம். பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய தேசிய நலவாழ்வுச் சேவை, வறுமையால் மருத்துவரை அணுக முடியாதிருந்த குடும்பங்களுக்குக் கதவைத் திறந்தது; அதனாலேயே அது மக்கள் மனத்தில் புனிதமாயிற்று. மூன்றே ஆண்டுகளில், மூக்குக்கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் கட்டணம் வாங்க அரசு முடிவு செய்தபோது, அச்சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் அமைச்சர் பதவியையே துறந்தார். கட்டணம் என்ற பேச்சையே எடுக்கத் தயங்கும், நன்றியுணர்வில் பிறந்த இத்தகைய மௌனத்தைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கட்டணத்தைப் பற்றிப் பேசாதிருப்பதால் செலவு மறைந்துவிடுவதில்லை. மூட்டு அறுவைச் சிகிச்சைக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர், பணத்துக்குப் பதிலாக வலியையும் காலத்தையும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

‘டாபூ’வுக்குத் ‘தீண்டத்தகாதது’ என்று எழுதுவது தவறு; மனிதர்கள் மீது சுமத்தப்பட்ட கொடுமையின் பெயரை விவாதத் தலைப்புக்குச் சூட்டலாகாது. ‘தடை’ என்றால் சட்டம் நினைவுக்கு வரும், இங்கோ எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நன்னூல் கூறும் ‘இடக்கரடக்கல்’ ஓரளவு நெருங்கிவந்தாலும், அது சொல்லைத்தான் மறைக்கிறது, பொருளை வேறு சொல்லால் உணர்த்திவிடுகிறது. நோயாளியிடம் வாங்கும் கட்டணத்தைப் ‘பங்களிப்பு’ என்பது அந்த வகை.

‘பேசாப் பொருளைப் பேசநான் துணிந்தேன்’ என்ற பாரதியின் வரியில் உள்ள ‘பேசாப்பொருள்’ என்பதே இங்கு மிகப் பொருத்தமானது. ‘பேசா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இதுவரை பேசப்படாதது என்று மட்டுமே அது சொல்கிறது, பேசக்கூடாதது என்று சொல்வதில்லை. புனிதம் என்ற சாயல் இதில் இல்லை என்பது உண்மைதான். அந்தக் குறையை ஏற்றுக்கொண்டே இதைப் பரிந்துரைக்கிறேன். ‘மருத்துவக் கட்டணம் அங்கே பேசாப்பொருளாகிவிட்டது’ என்று இயல்பாக எழுதலாம். சடங்கு சார்ந்த கட்டுப்பாடுகளுக்கு மட்டும் ‘விலக்கு’ என்பதே போதும்.