விழிப்புணர்வா, விழித்திருத்தலா?

ஞாயிறு மாலை, சிங்கப்பூரின் செங்காங்கில் ஒரு வீட்டில் எங்கள் செல் குரூப், அதாவது சபையார் சிலர் கூடி பைபிள் படிக்கும் சிறு குழு. அன்றைய பாடத்தாளின் தலைப்பு 'ஆவிக்குரிய விழிப்புணர்வு'. எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. லிஃப்ட் பக்கத்தில் இருக்கும் டெங்கி விழிப்புணர்வு, மோசடி விழிப்புணர்வு அறிவிப்புகள்தான் நினைவுக்கு வந்தன. விழிப்புணர்வு என்றால் விஷயம் தெரிந்திருப்பது. கொசு பெருகும் என்று தெரிந்தும் பூந்தொட்டித் தட்டில் தண்ணீரைத் தேங்க விடுகிறோம், இல்லையா?

பைபிளில் இருப்பது வேறு சொல். மாற்கு 13-இல் ஒரு வீட்டுக்காரர் வெளியூர் போகிறார். வேலைக்காரர்களுக்கு அவரவர் வேலையைக் கொடுத்துவிட்டு, வாசல் காவலாளியிடம் விழித்திரு என்கிறார். கிரேக்கத்தில் அது 'கிரெகொரேயோ'. எழுப்புதல் என்று பொருள்படும் 'எகெய்ரோ'விலிருந்து வந்தது. தூக்கம் கலைந்தவன் கலைந்தபடியே இருப்பது. கிரகோரி என்ற பெயரும் இதில் பிறந்ததுதான்.

இன்னொரு சங்கதி. விழித்தல் என்னும் பொருளுடைய சமஸ்கிருத 'ஜாக்ரு'வும் இந்தக் கிரேக்க வினையும் ஒரே மூலத்தில் கிளைத்தவை. ஜாக்ருவின் வழியில் நமக்கு வந்தது 'ஜாக்கிரதை'. மலாய்க்குப் போனது 'ஜாகா'. சிங்கப்பூரின் பழைய ஆட்களைக் கேட்டால், ஜாகா என்றதும் கடைவீட்டு ஐந்தடியில், அதாவது கடைக்கு முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையில், கயிற்றுக் கட்டில் போட்டுக் காவல் இருந்த சீக்கியரைச் சொல்வார்கள். மலாய் வேதாகமத்திலும் 'விழித்திருங்கள்' என்ற இடத்தில் 'பெர்ஜாகா-ஜாகாலா' என்று நிற்கிறது. கிரேக்கச் சொல்லுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை!

அப்படியானால் ஜாக்கிரதை என்றே வைத்துக்கொள்ளலாமே என்றார் ஒரு அக்கா. வேண்டாம் என்பது என் கட்சி. தமிழில் அது பயத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. 'நாய்கள் ஜாக்கிரதை' பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். மாற்குவின் காவலாளி நாய்க்குப் பயந்து நிற்கவில்லை, எஜமான் வந்ததும் கதவைத் திறக்க நிற்கிறான்.

சபைகளில் புழங்கும் பழைய வேதாகமம் 'விழித்திருங்கள்' என்கிறது. 1995-இல் வந்த திருவிவிலியத்தில் 'விழிப்பாயிருங்கள்'. கத்தோலிக்கர்கள் ஈஸ்டருக்கு முந்திய இரவு வழிபாட்டைப் 'பாஸ்கா திருவிழிப்பு' என்பார்கள். விழி என்றால் கண், கண் திற என்ற ஏவலும் அதுவே. இதைவிட நேரான தமிழ் கிடைக்காது.

ஆனால் கண் மட்டும் போதாது. 1 பேதுரு 5:8-இல் விழித்திருங்கள் என்பதற்கு முன்னால் 'தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள்' என்று வருகிறது. அங்கே கிரேக்கம் 'நேஃபோ'. மது ஏறாத நிலை என்பது அதன் நேர்ப்பொருள். இந்த இடத்தில் எனக்குக் குறளின் 54-ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். பெயர் 'பொச்சாவாமை', மறந்து சோராதிருத்தல். அதன் முதல் குறள்:

இறந்த வெகுளியின் தீதே சிறந்த
உவகை மகிழ்ச்சியிற் சோர்வு

அளவு மீறிய கோபத்தைவிட, களிப்பில் வரும் மறதி கெட்டது. மகிழ் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் கள் என்ற பொருளும் உண்டு! பேதுருவும் வள்ளுவரும் ஒரே மயக்கத்தைத்தான் பேசுகிறார்களோ என்று தோன்றும். பொச்சாவாமையை இன்று பிரசங்கத்தில் சொன்னால் யாருக்கும் புரியாது, அது வேறு கதை.

எங்கள் குழுவில் ஒரு அங்கிள் காண்டோவில், அதாவது தனியார் அடுக்குமாடி வளாகத்தில், இரவுக் காவல் பார்க்கிறார். இந்தக் காலத்து ஜாகா. அதுவரை பேசாமல் இருந்தவர், "மூணு மணிதான் கஷ்டம்பா. கண்ணு திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டான்" என்றார். மாற்கு பிரித்துச் சொல்லும் நான்கு ஜாமங்களில், சேவல் கூவும் ஜாமம் முடிகிற நேரம் அது.

எனக்கு அது பகலிலேயே நடக்கிறது. போன வாரம் குடும்ப வாட்ஸ்அப்பில் அண்ணிக்குச் சுடச்சுட நாலு வரி தட்டியிருந்தேன். கட்டைவிரல் அம்புக்குறிக்கு மேலே. ஒரு நொடி இருந்தது. கண் திறந்துதான் இருந்தது, ஆள் இல்லை. அனுப்பிவிட்டேன். இன்னும் சமாதானம் ஆகவில்லை.

சரி, பாடத்தாளில் தலைப்பை அடித்து 'விழித்திருத்தல்' என்று எழுதினோம். 'ஆவிக்குரிய' என்பதையும் எடுத்துவிடலாம் என்றேன், அதற்கு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கிள் தாளைப் பார்த்தார், பிறகு மணியைப் பார்த்தார். எட்டு மணிக்கு அவருக்கு ஷிஃப்ட்.