தேவை நெகிழ்ச்சி: மின்கட்டணத்தோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய சொல்

விலை ஏறும்போது வாங்கும் அளவு எந்த விகிதத்தில் குறைகிறது என்பதைச் சொல்லும் அளவுகோலுக்குப் பொருளியலில் ‘எலாஸ்டிசிட்டி’ என்று பெயர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது தேவை நெகிழ்ச்சி. இலங்கையில் கேள்வி நெகிழ்ச்சி. மின்கட்டணம் 10 விழுக்காடு உயர்ந்து, அதனால் வீடுகளின் நுகர்வு 2 விழுக்காடு குறைந்தால் நெகிழ்ச்சி –0.2.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. அடித்து நீட்டுதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்து, 17ஆம் நூற்றாண்டில் காற்றின் விரியும் இயல்பைக் குறிக்க அறிவியலுக்குள் வந்தது. பிறகு கம்பிச்சுருளுக்கும் ரப்பருக்கும் பரவியது. பொருளியலில் அதை நிலைநிறுத்தியவர் ஆல்பிரட் மார்ஷல். 1890இல் வெளிவந்த தம் நூலில் தேவையின் நெகிழ்ச்சியை வரையறுத்தார்.

தமிழில் இந்த ஒரே ஆங்கிலச் சொல் இரண்டாகப் பிரிந்தது. இயற்பியலில் அது மீட்சிப் பண்பு, பொருளியலில் நெகிழ்ச்சி. இந்தப் பிரிவு சரியானது என்பதே என் கருத்து. இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது மீட்சி. விலைக்கு மக்கள் எவ்வளவு இளகிக்கொடுக்கிறார்கள் என்பதுதான் பொருளியலின் கேள்வி. திரும்பி வருவதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. பிரிவால் மெலிந்த தலைவியின் நிலையைத் ‘தொடியொடு தோள்நெகிழ’ என்கிறது குறள். புறத்திலிருந்து வந்த அழுத்தத்துக்கு உடல் இறுக்கம் தளர்வதை அந்த வினை பழங்காலம் முதலே சுமந்து வருகிறது. எனக்கு உறுத்துவது ‘தேவை’தான். அன்றாட வழக்கில் அது இன்றியமையாமையைக் குறிக்கிறது. பொருளியலிலோ காசு கொடுத்து வாங்கும் விருப்பம். சந்தையில் சொல்லும் ‘கிராக்கி’ இதற்கு இன்னும் நெருக்கமானது. ஆனாலும் பாடநூலில் வேரூன்றிவிட்ட சொல்லை இனி மாற்ற வேண்டியதில்லை.

வீட்டு மின்சாரத்துக்கு வரும்போது இந்த எண்ணைக் கணிப்பது கடினமாகிவிடுகிறது. கட்டணம் ஏறிய மறுநாளே யாரும் குளிர்சாதனப் பெட்டியை மாற்றுவதில்லை. மின்விசிறியைக் கொஞ்சம் முன்னதாக அணைப்பார்கள், அவ்வளவுதான். அடுத்த சாதனம் வாங்கும்போதுதான் நட்சத்திரக் குறியீட்டைப் பார்ப்பார்கள். அதனால் குறுகிய கால நெகிழ்ச்சி சிறியது, நீண்ட கால நெகிழ்ச்சி பெரியது. காலத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது அரைகுறைச் செய்தி.

அடுத்தது, எந்த விலை என்ற கேள்வி. நுகர்வு கூடக் கூட யூனிட் விலையும் படிபடியாக ஏறும் அட்டவணை, தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் கட்டணம் மாறும்வரை இருந்ததை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதங்களில் 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு, மானியம் போக, 1,130 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால், கீழ்ப்படிகளின் விகிதமும் சேர்ந்து உயர்ந்து, பில் 1,786 ரூபாயைத் தாண்டியது. அந்த ஒரு யூனிட்டின் விலை என்ன? அட்டவணைப்படி 6 ரூபாய் 60 காசு. பில் ஏறியதைப் பார்த்தால் 656 ரூபாய். சராசரியைப் பார்த்தால் யூனிட்டுக்கு 2.26 ரூபாயாக இருந்தது 3.57 ஆகிறது. ரீடிங் எடுக்க வருபவர் நான்கு நாள் தாமதித்ததால் 500ஐத் தாண்டிவிட்டது என்று குடும்பங்கள் குமுறியதில் முழு நியாயம் இருந்தது. மீட்டர் எந்த எண்ணில் நிற்கிறது என்று தினமும் பார்க்காத வீட்டால் இந்த விலைகளில் எதற்கு இளகிக்கொடுக்க முடியும்?

படிநிலைக் கட்டணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதிகம் பயன்படுத்துகிறவருக்கு அதிக விலை என்பதால், விலையையும் நுகர்வையும் அப்படியே ஒப்பிட்டால் விலை ஏற ஏற நுகர்வும் ஏறுவதாகத் தலைகீழ் விடை வரும். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தில் பொருளியலாளர் கோய்ச்சிரோ இட்டோ இதற்கு வழி கண்டார். அங்கே இரண்டு மின் நிறுவனங்களின் எல்லைக்கோடு ஊர்களுக்கு ஊடாகவே ஓடுகிறது. கோட்டின் இரு பக்கமும் ஒரே மாதிரி வீடுகள், ஒரே வெயில். கட்டண அட்டவணை மட்டும் வேறு. அந்த வீடுகளின் பில்களை ஆராய்ந்தபோது, மக்கள் கடைசி யூனிட்டின் விலைக்கு அல்ல, சராசரி விலைக்கே அசைகிறார்கள் என்று தெரிந்தது. 2014இல் வெளியான ஆய்வு அது. மேல்படியில் விலையைக் கூட்டினால் சிக்கனம் பெருகும் என்று நம்பி அட்டவணை போடுகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டியது.

மொத்தப் பயன்பாடு குறையாமல் நேரம் மட்டும் மாறுவதை அளப்பதற்குத் தனிச்சொல் இருக்கிறது: பதிலீட்டு நெகிழ்ச்சி. மாலையில் போட வேண்டிய சலவை இயந்திரத்தைக் காலையில் போடுவது இதில் சேரும். 2003இல் தொடங்கிய கலிஃபோர்னியச் சோதனையில், மின்பற்றாக்குறை நெருக்கும் நாள்களின் உச்ச நேரத்தில் யூனிட் விலையை வழக்கமான 13 சென்ட் அளவிலிருந்து 59 சென்ட் அளவுக்கு உயர்த்தினார்கள். அந்த நேரத்து நுகர்வு சராசரியாக 13 விழுக்காடு குறைந்தது.

2023இல் திருத்தப்பட்ட இந்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள், ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளுக்கும் நேரவாரிக் கட்டணத்தைக் கொண்டுவருகின்றன. உச்ச நேரத்தில் வழக்கமான கட்டணத்தைப் போல் குறைந்தது 1.1 மடங்கு; சூரிய ஒளி நேரத்தில் குறைந்தது 20 விழுக்காடு தள்ளுபடி. கலிஃபோர்னியாவில் நான்கு மடங்குக்கும் மேலான உயர்வுக்குக் கிடைத்தது 13 விழுக்காடு என்றால், 1.1 மடங்குக்கு உச்ச நேரச் சுமை பெரிதாக இறங்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. பகல் நேரத் தள்ளுபடிதான் சலவையையும் நீரேற்றும் மோட்டாரையும் வெயில் நேரத்துக்கு நகர்த்தக்கூடியது. மீட்டர் பொருத்தப்படும் ஊர்களில் முதலில் கணிக்க வேண்டியது அந்தப் பதிலீட்டு நெகிழ்ச்சியைத்தான்.