திருக்கல்யாணம்: சொல் விளக்கம்

கோயிலில் சுவாமிக்கும் அம்பாளுக்கும் நடத்தும் திருமண விழாவைத் திருக்கல்யாணம் என்கிறோம். 'திரு' தமிழ், 'கல்யாணம்' வடமொழி. அந்த மொழியில் அதற்கு முதற்பொருள் அழகு, நன்மை, மங்கலம். பெருமாளின் 'கல்யாண குணங்கள்' என்று வைணவர்கள் பேசுவது இந்தப் பொருளில்தான், அங்கே தாலிக்கு வேலை இல்லை. தமிழில் அது, வீட்டில் நடக்கிற பெரிய மங்கலத்துக்கே பெயராகிவிட்டது.

இதற்கு நேரான தமிழ்ச்சொல் மணம். மணத்தல் என்றால் கூடுதல், கலத்தல். "மணந்தநாள் வீங்கிய தோள்" என்று குறளில் (1233) வருவது, காதலனோடு கூடியிருந்த நாளில் பூரித்த தோள். வதுவை என்ற சொல்லும் உண்டு. அகநானூறு 86-ஆம் பாட்டு ஒரு கல்யாண வீட்டையே கண்முன் நிறுத்தி "வதுவை நன்மணம்" என்கிறது. ஆண்டாளும் 'வாரணம் ஆயிரம்' பதிகத்தில் "நாளை வதுவை மணமென்று நாளிட்டு" என்று கனவைச் சொல்கிறாள். கழுத்தில் விழுவது அவளுக்கு "மணமாலை".

மணமும் மாலையும் சேர்ந்த ஊர் ஒன்று மயிலாடுதுறை மாவட்டத்தில், குத்தாலம் பக்கம் இருக்கிறது: திருமணஞ்சேரி. தேவாரத்தில் வெறும் மணஞ்சேரி. இறைவன் பூமிக்கு வந்து அம்பிகையை மணந்த கதையைச் சுற்றுப்புற ஊர்ப்பெயர்களே சொல்லிவிடும். மாப்பிள்ளையை வரவேற்ற இடம் எதிர்கொள்பாடி, வேள்வி நடந்த இடம் வேள்விக்குடி, மணம் முடிந்த இடம் மணஞ்சேரி. ஆனால் கோயிலுக்குள் போனால் மூலவர் உத்வாகநாதர். உத்வாகம் என்றாலும் வடமொழியில் திருமணம்தான். உற்சவரோ கல்யாணசுந்தரர்: வெட்கத்தில் தலை சாய்த்த அம்பாளின் கையைப் பிடித்தபடி நிற்கிறார். ஊர் தமிழில் மணக்கிறது, சுவாமி பெயர் மட்டும் வடமொழியில்!

வரன் அமையாதவர்கள் இங்கே மாலை சாத்தி, பிரசாதமாக ஒரு மாலையை வாங்கிப் போவார்கள். (சுவாமிக்கு மாலை 'சாத்துவது'தான் வழக்கு, 'போடுவது' இல்லை.) அதை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் முடிந்ததும் ஜோடியாக வந்து கோயிலில் சேர்க்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பூஜை அலமாரி ஆணியில் மஞ்சள் பை ஒன்று ரொம்ப நாள் தொங்கியது. உள்ளே இதழெல்லாம் உதிர்ந்து நாரும் சரிகையும்தான் மிச்சம். அதைத் தொட்டால் அந்த வீட்டு அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும்.

சரி, எந்தச் சொல்லைப் புழங்குவது? பத்திரிகையில் 'திருமண அழைப்பிதழ்' என்று அச்சடித்துவிட்டு, கொடுக்கும்போது "கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வந்துடுங்க" என்பதே நம் வழக்கம். கோயில் சுவரொட்டியில்தான் 'திருக்கல்யாணம்' நிலைத்து நிற்கிறது. அங்கே 'திருமண விழா' என்று போட்டால் ஒன்றும் குறையாது, மணஞ்சேரி என்று ஊர்ப்பெயரே இருக்கிறதே. பேச்சில் இருக்கிற கல்யாணத்தை மட்டும் விரட்ட வேண்டாம். கல்யாணச் சாப்பாட்டைத் 'திருமண உணவு' என்றால் பந்திக்கு முந்தவே தோன்றாது.