உலகக் கிண்ணத்துக்குக் கடிதம் போட்டு யாரும் கூப்பிடுவதில்லை

போன கிழமை நாலாவது கடிதமும் வந்து சேர்ந்தது. பின்னேர உதைபந்தாட்டப் பயிற்சி முடிந்து பந்துகளைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு பிள்ளையின் தகப்பன் சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு வந்தார். பொலித்தீன் பைக்குள் இன்னொரு பொலித்தீன் பை, அதற்குள் நாலாக மடித்த கடுதாசி.

"ரீச்சர், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. பிள்ளையை பிரேசிலுக்கு எடுக்கினமாம்."

'2027 மகளிர் உலகக் கிண்ணத் தகுதி முகாம்' என்று தலைப்பு. அடியில் ஒரு வட்டச் சீல், மை பரவி என்ன எழுத்தென்றே தெரியவில்லை. 'தகுதி உறுதிப்படுத்தல் கட்டணம்' இரண்டரை இலட்சம். மேல் மூலையில் ஒரு தங்கக் கிண்ணத்தின் படம்: இரண்டு உருவங்கள் உலக உருண்டையைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. அது ஆண்களுடைய கிண்ணம். பெண்களுடையது வேறு; சுழன்று ஏறும் பட்டையின் உச்சியில் ஒரு பந்து இருக்கும். கடிதம் அடித்த ஆளுக்கு அதுகூடத் தெரியவில்லை. ஆனால் கடலுக்குப் போய்ப் பிழைக்கிற அந்த மனிசனிடம் நாற்பதாயிரம் ரூபா முற்பணம் வாங்கத் தெரிந்திருக்கிறது. தாயின் காப்பு அடகில்.

பதினாலு வருடமாக யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். முதல் மூன்று கடிதங்களையும் பார்த்துச் சிரித்துவிட்டு, கிழித்துப் போடச் சொல்லி அனுப்பினேன். அது என் பிழை. அன்றைக்கே இதை எழுதியிருக்க வேண்டும்.

சரி, கடிதத்துக்கு வருவோம். 2027 உலகக் கிண்ணம் நடக்கும் பிரேசிலுக்கு இலங்கை அணியாம். அந்தப் பாதை எங்களுக்கு 2025 யூலையிலேயே மூடிவிட்டது. தாஷ்கண்டில். அங்கேதான் உஸ்பெகிஸ்தான், நேபாளம், லாவோஸ், இலங்கை என்ற நாலும் ஒரு குழுவாக விளையாடின. ஆசியா முழுக்க 34 அணிகள், எட்டுக் குழுக்கள். ஒவ்வொன்றிலும் முதலாவதாக வந்த அணிக்கு மட்டும் ஆசியக் கிண்ணத்தில் இடம். இரண்டாவதாக வந்தவர்களுக்கு விமான ரிக்கெற் வீட்டுக்குத்தான். நேபாளத்துப் பிள்ளைகள் கடைசி ஆட்டத்தில் உஸ்பெகிஸ்தானை 3-3 என்று மறித்து நின்றும், பெனால்டியில் விட்டுவிட்டு வந்தார்கள். அதைப் பார்த்த அன்று எனக்கே சாப்பாடு இறங்கவில்லை.

இந்த எட்டோடு நடத்தும் நாடு ஆஸ்திரேலியா, போன முறை முதல் மூன்று இடத்துக்குள் வந்த சீனா, தென்கொரியா, ஜப்பான். மொத்தம் 12. 2026 மார்ச் ஆசியக் கிண்ணம் என்பது இந்தப் பன்னிரண்டும்தான். உலகக் கிண்ணத்துக்கு ஆசியாவின் வாசலும் அதுதான், வேறு வாசல் இல்லை. அரையிறுதிக்கு வரும் நாலு அணிகள் நேரே பிரேசில். காலிறுதியில் தோற்ற நாலும் ஆளுக்கொரு ஆட்டம் ஆட, வெல்லும் இரண்டும் பிரேசில். தோற்கும் இரண்டுக்கும் கடைசியாக ஒரு வழி: கண்டங்களுக்கு இடையிலான பிளேஓஃப். அதில் பத்து அணிகள், இருப்பதோ மூன்று இடங்கள்.

இதில் எந்த இடத்தில் கட்டணம் கட்டுவது என்று அந்தத் தகப்பனிடம் கேட்டேன். அவர் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டிருக்கக் கூடாது. பிழை அவருடையது இல்லை.

எனக்கு விசர் வருவது இன்னொரு விஷயத்தில். படித்தவர்கள், உத்தியோகம் பார்ப்பவர்கள், மாஸ்டர்மார்கூட என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "ரீச்சர், இலங்கை இப்ப எத்தினையாம் இடம்? இன்னும் எத்தினை இடம் ஏறினால் உலகக் கிண்ணத்துக்குப் போகலாம்?"

எங்கள் ஊரில் 'தகுதி' என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை எடுக்கிற ஏ.எல். பரீட்சைதான் ஞாபகம் வருகிறது. இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி, மாவட்டக் கோட்டா. பட்டியலை மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்து, இடம் முடிகிற இடத்தில் கோடு கீறுவது. உலகக் கிண்ணமும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். 32 இடம் என்றால் பீபா தரவரிசையின் முதல் 32 நாடும் போகும். 2031இல் 48 ஆகிறதாம், அப்போ எங்களுக்கும் ஒரு இடம் கிட்டாதா என்று ஒரு கணக்கு. அந்தக் கடிதத்திலும் இந்த 48 கணக்குத்தான் வேறு சொற்களில் இருந்தது. ஏமாற்றுகிறவனுக்கு எங்கள் மண்டைக்குள் என்ன ஓடுகிறதென்று நன்றாகத் தெரியும்.

கோட்டா என்பதுவரை சரி. கண்டத்துக்கு இத்தனை இடம் என்று பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். 2027க்கு ஐரோப்பாவுக்கு 11, ஆசியாவுக்கு 6, ஆபிரிக்காவுக்கு 4, வட மத்திய அமெரிக்கா கரிபியனுக்கு 4, தென்னமெரிக்காவுக்கு பிரேசிலையும் சேர்த்து 3, ஓசியானியாவுக்கு 1. மிச்சம் மூன்று அந்த பிளேஓஃபுக்கு. பரீட்சையோடு உள்ள ஒற்றுமை அவ்வளவோடு முடிந்தது. கண்டத்துக்குள்ளே வெட்டுப்புள்ளி கிடையாது, ஆட்டம்தான். தரவரிசை குலுக்கலுக்குத்தான் உதவும்: யார் யாரோடு ஒரே குழுவில் விழக்கூடாது, எந்தச் சட்டியில் யாருடைய பெயரைப் போடுவது என்று பார்க்க. குலுக்கி முடிந்தால் அதன் வேலையும் முடிந்தது.

நம்பாதவர்கள் பங்களாதேஷைப் பாருங்கோ. 2025 யூலை, யாங்கோன். பங்களாதேஷ் தரவரிசையில் 128, எதிரணி மியான்மார் 55. சொந்த மண், சொந்தச் சனம். வெட்டுப்புள்ளிக் கணக்கில் பார்த்தால் பங்களாதேஷ் பஸ் ஏறவே தேவையில்லை. ஆட்டம் 2-1, வென்றது பங்களாதேஷ். இரண்டு கோலும் ரிதுபர்ணா சக்மா அடித்தது, ரங்கமாட்டி மலைப் பக்கத்துப் பிள்ளை. அதோடு வரலாற்றில் முதன்முறையாக ஆசியக் கிண்ணம். அதே கிழமை சியாங் மாயில் தாய்லாந்தை அதன் சொந்த இடத்தில் வைத்து இந்தியாவும் 2-1 என்று வென்றது. என் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு ஆட்டங்களையும் கைபேசியில் போட்டுக் காட்டினேன். "மிஸ், அவை எங்களை மாதிரித்தானே ஓடுகினம்" என்றாள் ஒருத்தி. இல்லை, பிள்ளை. எண்பதாவது நிமிடத்திலும் அவர்கள் அதே வேகத்தில் ஓடுகிறார்கள். நீ அறுபதில் இடுப்பில் கை வைக்கிறாய்.

தெற்காசியக் கிண்ணம், அதுதான் சாஃப், வென்றால் உலகக் கிண்ணம் என்று இன்னொரு கதை உண்டு. இல்லை. சாஃப் வென்றால் சாஃப் கிண்ணம் கிடைக்கும், அவ்வளவுதான். 2010 முதல் 2019 வரை நடந்த ஐந்து முறையும் இந்தியா வென்றது, 2022இலும் 2024இலும் பங்களாதேஷ். தெற்காசியாவிலிருந்து 2023 வரை ஒரு நாடாவது பெண்களுக்கான பெரிய உலகக் கிண்ணத்தில் ஆடியதா? இல்லையே. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் 2022இல் இந்தியா ஆடியது, நடத்திய நாடு என்பதால். அமெரிக்காவிடம் 8-0. வாசலைத் திறந்துவிட்டால் மட்டும் காணாது, உள்ளே போய் ஓட வேண்டும்.

அதே இந்தியாவின் இன்னொரு கதையை ஒவ்வொரு வருடமும் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுகிறேன், யாருக்கும் உறைப்பதில்லை. 2022 சனவரியில் ஆசியக் கிண்ணம் இந்தியாவில் நடந்தது. அங்கே நன்றாக ஆடியிருந்தால் 2023 உலகக் கிண்ணத்துக்கு வழி இருந்தது. சீன தாய்ப்பேயுடன், அதுதான் தாய்வானுடன், ஆட்டம், நவி மும்பை மைதானம். அணிக்குள் கொரோனா. பெயர் கொடுக்கக் குறைந்தது 13 பேர் வேண்டும், இல்லை. விலகியதாகக் கணக்கு வைத்தார்கள். ஈரானோடு ஏற்கெனவே ஆடிய 0-0 ஆட்டமும் சேர்ந்து அழிந்தது. சொந்த நாட்டில், அந்த ஆட்டத்தில் பந்தைத் தொடாமலே வெளியே. இங்கே வலயப் போட்டிக்கு ஒன்பது பிள்ளைகளோடு போய் நின்றிருக்கிறேன். மிச்சப் பேருக்கு ரியூஷன். கெமிஸ்ட்ரி மாஸ்டர் நேரத்தை மாத்திப் போட்டாராம். தயவுசெய்து, போட்டி நாளிலாவது பிள்ளையை விடுங்கோ.

வெளிநாட்டு உறவுகளும் இதில் தப்பவில்லை. கனடாவிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் வைபரில் கேட்பார்கள்: "எங்கட மகள் இஞ்ச கிளப்பில விளையாடுறா, அம்மம்மா பிறந்தது அரியாலை, இலங்கை ரீமுக்கு எடுப்பினமோ?" எடுக்கலாம். ஆனால் அம்மம்மா பிறந்த ஊர் மட்டும் காணாது. முதலில் பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமையும் பாஸ்போட்டும் வேண்டும். பிள்ளை வெளிநாட்டில் பிறந்திருந்தால் அந்தப் பிறப்பை இலங்கை அரசிடம் பதிந்திருக்க வேண்டும். வேறொரு நாட்டின் பெரிய அணிக்கு ஏற்கெனவே ஆடியிருந்தால் பிறகு மாறுவதற்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு. இதெல்லாம் ஒழுங்காக இருந்தாலும் பிள்ளை அணிக்குள்தான் வருகிறாள்; அணி உலகக் கிண்ணத்துக்குப் போவது வேறு வேலை. பிலிப்பீன்ஸைச் சொல்லுவார்கள். உண்மைதான், 2023இல் அவர்களுடைய பிள்ளைகளில் கன பேர் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர்கள். நியூசிலாந்தை அதன் மண்ணில் வைத்து 1-0 என்று வென்றதும் அப்படி ஒருத்தியின் கோலில்தான். ஆனால் அதற்கு முதல் அவர்களும் ஆசியக் கிண்ணத்தில் அரையிறுதிவரை ஆடித்தான் போனார்கள்.

அப்போ கடிதம் வந்தால் என்ன செய்வது?

முதல் வேலை, ஆண்டைப் பாருங்கோ. எந்த உலகக் கிண்ணம், அதற்கான தகுதிகாண் போட்டி முடிந்துவிட்டதா என்று பார்க்கப் பத்து நிமிடம் காணும். போட்டி அட்டவணையும் முடிவும் ஆசியக் கூட்டமைப்பின் தளத்தில் இருக்கிறது, வீட்டில் ஓ.எல். படிக்கிற பிள்ளையே தேடி எடுத்துத் தரும். பிறகு வயதைப் பாருங்கோ. பதினைந்து வயதுப் பிள்ளையைப் பெரியவர்களின் உலகக் கிண்ணத்துக்கு என்று சொன்னால் அந்த இடத்திலேயே கதவைச் சாத்தலாம். அந்த வயதுக்கு 17 வயதுக்குட்பட்டோர் போட்டி இருக்கிறது. அது 2025 முதல் வருடாவருடம் மொரோக்கோவில், 24 அணிகள். அதற்கும் ஆசியாவுக்குள் ஆடித்தான் போக வேண்டும்.

தேசிய அணித் தெரிவுக்கு வீட்டுக்கு ஆள் வந்து காசு கேட்பதில்லை. பெரும்பாலும் அழைப்பு வருவது பிள்ளை ஆடுகிற பாடசாலைக்கு, கழகத்துக்கு, லீக்குக்கு. ஆகவே கோச்சுக்குத் தெரியாமல் உங்களுக்கு மட்டும் ஒரு அழைப்பு வந்திருந்தால் கோச்சிடம் கேளுங்கோ. கேட்க வெட்கமாக இருந்தால் அதிபரிடம் கேளுங்கோ. பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியையும் பாஸ்போட்டையும் ஒருவர் கையிலும் கொடுத்துவிட்டு வராதேங்கோ. இதை எத்தனை தரம் சொல்லிவிட்டேன்! ஒரு தாய் கொடுத்துவிட்டு, பிள்ளையின் அடையாள அட்டை எடுக்க மூலப்பிரதி இல்லாமல் மூன்று மாதம் அலைந்தா. பெண்பிள்ளையைத் தனியாக 'முகாமுக்கு' அனுப்பச் சொன்னால், அந்த ஆளின் பெயர், தொலைபேசி எண் இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு நேரே பொலிஸ். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. ஒரு நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனத்தை பீபா இடைநிறுத்தினால் அந்த நாட்டின் எந்த அணியும் சர்வதேச ஆட்டம் ஆட முடியாது. 2023 சனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை இலங்கை அப்படித்தான் இருந்தது. அந்த மாதங்களில்தான் எனக்கு இரண்டாவது கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள், 'சர்வதேசத் தெரிவு' என்று. நாடே வெளியில் நிற்கிறது, பிள்ளைக்குத் தெரிவாம்.

கடைசி ஆசை ஒன்று. தெல்லிப்பழை மகாஜனாப் பிள்ளைகள் அகில இலங்கையில் வென்று வந்தபோது எத்தனை பேர் மைதானத்துக்குப் போய்ப் பார்த்தோம்? பிரேசிலுக்கு இரண்டரை இலட்சம் தேடத் தயாராக இருக்கிற வீட்டில், பிள்ளையின் பூட்ஸின் அடி கழன்று நூலால் கட்டியிருக்கிறது. அந்தத் தகப்பனின் மகளும் அப்படித்தான், வலது பூட்ஸ். இடது காலால் நல்ல பந்து போடுவாள், அதுதான் இதுவரை தாக்குப்பிடித்தது.

அவர் இன்னும் பொலிஸில் முறைப்பாடு போடவில்லை. "ஊர் சிரிக்கும், ரீச்சர்" என்கிறார். நானும் கூட வாறன், அண்ணை, திங்கட்கிழமை காலமை போவம் என்று சொல்லியிருக்கிறேன். கடிதம் வந்த வேறு வீடுகளும் இந்தப் பக்கம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். பயிற்சி சனிக்கிழமை நாலரைக்கு. கடிதத்தை எடுத்துக்கொண்டு வாங்கோ. மூன்று நாலு கடிதங்கள் ஒரே எண்ணிலிருந்து வந்தவை என்று காட்டினால் முறைப்பாட்டைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.