கடலில் ஜிபிஎஸ்: முதலில் ஆன்டெனா, பிறகுதான் ரிசீவர்

1995 ஜூன் 9 அன்று நண்பகலில், பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குக் கிளம்பியது ‘ராயல் மெஜஸ்டி’ என்ற பயணிகள் கப்பல். கிளம்பிய சிறிது நேரத்தில் அதன் ஜிபிஎஸ் ஆன்டெனாவிலிருந்து கேபிள் கழன்றுவிட்டது. ரிசீவர் அணைந்துபோகவில்லை. கப்பல் போகும் திசையையும் வேகத்தையும் வைத்து, இடத்தைத் தானே கணக்குப் போட்டுத் திரையில் காட்டிக்கொண்டே இருந்தது. காற்றும் நீரோட்டமும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளியது அந்தக் கணக்கில் வராது. திரையில் சிறிய எழுத்தில் வந்த எச்சரிக்கை யார் கண்ணிலும் படவில்லை. மறுநாள் இரவு நான்டகெட் தீவுக்குக் கிழக்கே ஒரு மணல்திட்டில் கப்பல் தரைதட்டியது. போக வேண்டிய பாதையிலிருந்து 17 மைல் விலகியிருந்தது. கப்பலில் இருந்த 1,509 பேரில் யாருக்கும் காயமில்லை.

கப்பலுக்கு வழிகாட்டும் கருவி வாங்கும்போது பேச்செல்லாம் ரிசீவரைப் பற்றியும் திரையைப் பற்றியும்தான் இருக்கும். ஆன்டெனா பெட்டியோடு வந்தது எதுவோ அது. இந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து. ஆன்டெனா கோட்டைவிட்ட சிக்னலை எவ்வளவு விலை உயர்ந்த ரிசீவராலும் மீட்க முடியாது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து நம்மிடம் வந்து சேரும் சிக்னலின் திறன், ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு அளவுதான். சுற்றுப்புற வெப்பம் உண்டாக்கும் மின் இரைச்சலைவிடவும் இது கீழே. அதனால்தான் ஆன்டெனாவின் கூட்டுக்குள்ளேயே, சிக்னலைப் பெரிதாக்கும் ஒரு பெருக்கி இருக்கிறது. முதல் பெருக்கி சேர்க்கும் இரைச்சல்தான் கடைசிவரை கூடவே வரும். அதற்குப் பின்னால் சேர்வது அவ்வளவாகப் பாதிக்காது.

இங்கேதான் கேபிள் கணக்கு வருகிறது. மாஸ்ட் என்ற உயரமான கம்பத்தின் உச்சியிலிருந்து, கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜுக்கு 50 மீட்டர் கேபிள் ஓடுவது பெரிய கப்பலில் சாதாரணம். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் அந்தத் தூரத்தில் 30 டெசிபலுக்கு மேல் விழுங்கிவிடும். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட மறுமுனைக்கு வராது. தடிமனான எல்எம்ஆர்-400 வகையில் இழப்பு 8, 9 டெசிபல்தான். சரி, எதற்கும் அதிகப் பெருக்கம் உள்ள ஆன்டெனாவாக வாங்கிவிடலாமே என்றால் அதுவும் தப்பு. கேபிள் குட்டையாக இருந்தால் ரிசீவர் திணறிப்போகும். கேபிள் எந்த வழியாக, எத்தனை மீட்டர் ஓடுகிறது என்று அளந்த பிறகே ஆன்டெனா பட்டியலைத் திறக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் கடல் நீரே. உப்புநீர் ரேடியோ அலையை நன்றாகப் பிரதிபலிக்கும். நேராக வரும் சிக்னலோடு நீரில் பட்டு எகிறியதும் சேர்ந்து வந்தால் தூரக் கணக்கு பிசகும். இதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. செயற்கைக்கோள் அனுப்பும் அலை வலப்புறமாகச் சுழன்று வருகிறது. நீரில் பட்டதும் சுழற்சி பெரும்பாலும் இடப்புறமாகத் திரும்பிவிடுகிறது. வலச் சுழற்சியை மட்டும் ஏற்று இடச் சுழற்சியை ஒதுக்குவதுதான் நல்ல ஆன்டெனாவின் லட்சணம். ஆனால் அடிவானத்தை ஒட்டி வரும் அலைகளில் இந்தத் திருப்பம் முழுமையாக நடப்பதில்லை. ஆகவே நிலத்தில் சர்வே செய்பவர்கள் தாழ்வான திசைகளையே அடைத்துவிடும் ஆன்டெனாவைப் பயன்படுத்துகிறார்கள். அதை அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது. கப்பல் 20 டிகிரி சாயும்போது ஆன்டெனாவும் சாய்கிறது. ஒரு பக்கத்தில் தாழ்வாக இருக்கும் செயற்கைக்கோள்கள் அதன் பார்வைக்கு வெளியே போய்விடும், மறுபக்கத்தில் கடலே பார்வைக்குள் வந்துவிடும்.

எங்கே வேலை என்பதும் முக்கியம். எண்ணெய் வயல்களில் ஓடும் கப்பல்கள் டெசிமீட்டர் துல்லியத்துக்காக, பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள்களிலிருந்து திருத்தத் தகவலும் வாங்குகின்றன. மும்பைக்கு மேற்கே கடலில் உள்ள மும்பை ஹை வயலில் அந்தச் செயற்கைக்கோள்கள் வானத்தில் நல்ல உயரத்தில் தெரியும். நார்வேக்கு வடக்கே பேரன்ட்ஸ் கடலில், சுமார் 71 டிகிரி அட்சரேகையில் உள்ள கோலியட் வயலில், எவ்வளவு நேரே தெற்கில் இருந்தாலும் அவை அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 10 டிகிரிதான். தலைக்கு மேலே கூர்மையாகவும் ஓரங்களில் மந்தமாகவும் கேட்கும் ஆன்டெனா அங்கே உதவாது.

அலைவெண்ணிலும் நெரிசல்தான். ஜிபிஎஸ்ஸின் முக்கிய சிக்னலான எல்-1 வருவது 1575.42 மெகாஹெர்ட்ஸில். இரிடியம் என்ற செயற்கைக்கோள் போன் 1616 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது. இன்மார்சாட் என்ற இன்னொரு செயற்கைக்கோள் தொடர்புச் சேவைக்குக் கப்பல் அனுப்பும் அலை 1626.5க்கு மேலே. இந்தச் சாதனங்கள் இருப்பதும் அதே கப்பலில், சில மீட்டர் தள்ளி. அதனால் பெருக்கிக்கு முன்பே ஒரு வடிகட்டி தேவை. வடிகட்டி சிக்னலைக் கொஞ்சம் தின்னும், கப்பலில் அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்வதே நல்லது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மேலே சொன்ன திருத்தத் தகவல் 1525 முதல் 1559 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. எல்-1ஐச் சுற்றி இறுக்கமாக வடிகட்டும் ஆன்டெனாவை வாங்கிவிட்டால் இடம் தெரியும், திருத்தம் மட்டும் வராது. கோளாறு எங்கே என்று தேடுபவர்கள் ஆன்டெனாவைக் கடைசியாகத்தான் சந்தேகிப்பார்கள். கப்பல்கள் ஒன்றோடொன்று பேசும் விஎச்எஃப் ரேடியோவும் வம்புக்கு வரும், ஏனென்றால் ரேடியோ தன் அலைவெண்ணின் மடங்குகளிலும் கொஞ்சம் கசியும். 157.542 மெகாஹெர்ட்ஸின் பத்து மடங்கு சரியாக எல்-1. அந்த அலைவெண் கடல்சார் விஎச்எஃப் பட்டைக்குள்ளேயே விழுகிறது.

இனி இடம். ரேடார் கற்றையின் பாதையில் வைக்கக் கூடாது, புகைபோக்கியும் கிரேனும் வானத்தை மறைக்கக் கூடாது. ஆக மாஸ்ட் உச்சிதான் மிஞ்சும். உயரத்துக்கும் விலை உண்டு. 30 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெனா, கப்பல் 5 டிகிரி சாய்ந்தாலே பக்கவாட்டில் 2.6 மீட்டர் நகர்கிறது. எண்ணெய் மேடையருகே நங்கூரம் இல்லாமல், த்ரஸ்டர்கள் என்ற உந்துவிசிறிகளால் நிலைநிற்கும் கப்பலின் கணினி, இதைக் கப்பலே நகர்ந்ததாக எடுத்துக்கொண்டால் த்ரஸ்டர்கள் வீணாக முட்டிமோதும். அதனால் சாய்வை அளக்கும் சென்சாரும், ஆன்டெனா கப்பலின் மையத்திலிருந்து முன்பின்னாக, இடவலமாக, உயரத்தில் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவும் கணினிக்கு வேண்டும்.

அப்படி நிற்கும் கப்பல் மேடைக்குப் பக்கத்தில் வரும்போது பாதி வானத்தை இரும்பு மறைத்துவிடும். ஒரே மாஸ்ட்டில் இரண்டு ஆன்டெனா வைத்திருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் குருடாகும். முடிந்த அளவு தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். அதுவும் போதாது என்பதால்தான், இப்படி நிலைநிற்கும் கப்பல்களில் (டிபி கப்பல்கள்), ஒரு கருவி பழுதானாலும் இடம் மாறக் கூடாத இரண்டாம் வகுப்புக்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு இடமறியும் வழிகள் குறைந்தது மூன்று இருக்க வேண்டும் என்கிறது, எல்லாமே ஒரே தத்துவத்தில் இயங்கவும் கூடாது. லேசர், கடலடி ஒலி, கடல் தரைக்கு இறக்கி இழுத்துப் பிடிக்கும் கம்பி எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகின்றன.

2017 ஜூனில் கருங்கடலில் நோவரோசிஸ்க் அருகே சென்ற கப்பல்களின் ஜிபிஎஸ், அவை கரையில் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது. இத்தகைய போலி சிக்னலைச் சாதாரண ஆன்டெனா பிரித்தறியாது. பல உறுப்புகள் கொண்ட ஆன்டெனாவால், தொந்தரவு வரும் திசையில் மட்டும் தன் காதை மூடிக்கொள்ள முடியும். ஏழு உறுப்பு இருந்தால் ஆறு திசைகள் வரை மூடலாம். ராணுவக் கப்பல்களில் இவை உண்டு. விலை காரணமாகச் சரக்குக் கப்பல்களில் இன்னும் அரிது, அங்கே ரேடாரில் கரையைப் பார்த்து ஜிபிஎஸ் இடத்தோடு ஒப்பிடும் வேலையை மாலுமிதான் செய்ய வேண்டியிருக்கிறது.