ஜன்னலோரம் விரிந்த பைன் காய்

தோட்ட ஆலோசனைக்காகக் காட்பாடியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கொடைக்கானலில் பொறுக்கி வந்த பைன் காய்களை அந்த அம்மா ஜன்னலோரம் அடுக்கியிருந்தார். வந்தபோது கல்லாக மூடிக் கிடந்தவை, கத்திரி வெயிலில் செதில் செதிலாக விரிந்துவிட்டன. அடியில், மெல்லிய சிறகு ஒட்டிய சிறு விதைகள் சிதறிக் கிடந்தன.

"ஏலகிரியில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது சார், அங்கே தூவலாமா?" என்றார்.

வேண்டவே வேண்டாம் என்றேன்.

நம் மலைகளில் பரவலாக நடப்பட்ட பைன் வகையான பைனஸ் பாட்டுலாவின் தாயகம் மெக்சிகோ. அதன் காய்கள் பல ஆண்டுகள் கிளையிலேயே மூடிக்கொண்டு காத்திருக்கும். தீயின் சூடோ, இந்த ஜன்னலில் நடந்ததுபோலக் கடும் வெயிலோ பட்டதும் பிசின் இளகி, செதில்கள் விரியும். காட்டுத்தீ என்றால், எரிந்து வெறுமையான மண்ணில் விதைகள் பறந்து விழும். தீக்குப் பழகிய மரம் அது.

இலையைப் பார்த்தாலே மரம் தெரிந்துவிடும். ஒரு கொத்துக்குப் பெரும்பாலும் மூன்று ஊசிகள், சிலவற்றில் நான்கு. 15 முதல் 30 சென்டிமீட்டர் நீளத்தில் தலைமுடிபோலத் தொங்கும். அடியில் காகிதம் போன்ற உறை ஒன்று கொத்தைக் கட்டி வைத்திருக்கும். மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள். ஒரே உருண்டைக் குச்சியாகக் கச்சிதமாகப் பொருந்தும். மரத்தின் மேற்பகுதியில் பட்டை செம்பழுப்பாகத் தாள் தாளாக உரியும்.

நம் பக்கத்தில் சவுக்கையும் பைன் என்று நினைப்பவர்கள் உண்டு. சவுக்கின் 'ஊசி'யை இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். அது இலையே அல்ல, பச்சைக் குச்சி. பைன் ஊசியில் கணு கிடையாது.

எனக்குக் கவலை தருவது உதிர்ந்த ஊசிகள்தான். அவை எளிதில் மக்குவதில்லை. மெத்தைபோலத் தரையை மூடிவிடும். அடியில் புல் தலைதூக்குவது கடினம். பிசின் இருப்பதால் ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும், குப்பென்று பற்றிக்கொள்ளும். பழைய வடாற்காட்டின் ஏலகிரியும் ஜவ்வாதும் கோடையில் ஏற்கெனவே காய்ந்து கிடக்கும் மலைகள். வேலூர் வெயிலில் பாட்டுலா தாங்காது. மேலே குளிர்ந்த சரிவில் பிழைத்துக்கொண்டால்தான் ஆபத்து.

அந்த அம்மா விதைகளைக் கூட்டி அள்ளி அடுப்பில் போட்டார். காய்கள் ஜன்னலிலேயே இருக்கின்றன. மழைக்கு முன்பே நாவல், நெல்லி, கடுக்காய் நாற்றுகள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.