பத்தாவது வாரத்தில் டாக்டர் மாறும்போது

கருத்தரிப்பு சிகிச்சையில் கர்ப்பமான பெண்களைப் பினாங்கில் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். நான் கருத்தரிப்பு நிபுணர் இல்லை. அவர்கள் அனுப்பி வைத்த பிறகு, பிரசவம் வரைக்கும் கூட இருக்கும் மகப்பேறு மருத்துவர். ஐவிஎஃப், அதாவது முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை, செய்யும் மையத்தில் ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்து, 6 அல்லது 7ஆம் வாரத்தில் இதயத் துடிப்பையும் பார்த்த பிறகு, 8 முதல் 10 வாரத்துக்குள் "இனிமேல் நீங்கள் மகப்பேறு டாக்டரிடம் போகலாம்" என்று ஒரு கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் கடிதம் என் மேசைக்கு வருவதோ பல நேரங்களில் 15, 16ஆம் வாரத்தில். சிலர் கடிதமே இல்லாமல் வருகிறார்கள். நடுவில் போய்விடும் அந்த ஐந்தாறு வாரங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

விட்டால் திரும்பக் கிடைக்காத சில பரிசோதனைகள் சரியாக அந்த வாரங்களில்தான் வருகின்றன. குழந்தையின் பின்கழுத்து நீரை அளக்கும் ஸ்கேனை 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரைக்குள் செய்ய வேண்டும். இரட்டைக் குழந்தை என்றால் இரண்டுக்கும் தனித்தனி நஞ்சா (பிளசென்டா, கருப்பையில் குழந்தைக்கு ஊட்டம் தரும் உறுப்பு), ஒரே நஞ்சா என்பதை 14 வாரத்துக்குள் பார்த்தால் தெளிவாகச் சொல்லலாம். பிறகு போகப்போக அது கடினம். ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டையர்களை 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டியிருக்கும். "ஒரே ஒரு கருதானே வைத்தார்கள், எப்படி இரண்டு?" என்று கேட்பவர்கள் உண்டு. வைத்த ஒரு கரு இரண்டாகப் பிரிவதும் நடக்கும்.

அப்புறம் ஆஸ்பிரின். ஐவிஎஃப் கர்ப்பத்தில் பிரீ-எக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை, வருவதற்கான வாய்ப்பு சற்று அதிகம். முதல் கர்ப்பம், 35 வயதுக்கு மேல், உடல் எடை அதிகம், தானமாகப் பெற்ற கருமுட்டை என்று ஏதாவது கூடச் சேர்ந்தால் இன்னும் கவனம் தேவை. உறைய வைத்த கருவை, முழுக்க ஹார்மோன் மாத்திரையால் கருப்பையைத் தயார் செய்து வைத்திருந்தாலும் அப்படித்தான். அந்த மாதம் உங்கள் சூலகம் முட்டை விடவில்லை. முட்டை வெளியான இடத்தில் உருவாகும் கார்ப்பஸ் லூட்டியமும் இல்லை. அது சுரப்பவைதான் தாயின் ரத்தக் குழாய்கள் கர்ப்பத்துக்கு இசைந்து கொடுக்க உதவுகின்றன என்று கருதப்படுகிறது. இப்படிப்பட்டவர்களில் தேவையானவர்களுக்கு தினமும் 75 முதல் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுக்கிறோம். 12ஆம் வாரத்தில் தொடங்க வேண்டும், 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் நன்றாக இருக்கும். ஒரு நாளைக்குச் சில காசு விலையுள்ள மாத்திரை. 18ஆம் வாரத்தில் ஒருவர் வந்து உட்காரும்போது அதை நினைத்து எனக்கு உண்மையிலேயே மனது வலிக்கிறது.

ஏன் தாமதமாக வருகிறார்கள்? "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளிய சொல்லலாம்" என்பது நம் வீடுகளில் எல்லாரும் சொல்வதுதான். பல வருடம் காத்திருந்து கிடைத்த கர்ப்பம் என்றால் அந்தப் பயம் இரட்டிப்பு. அரசு சுகாதாரக் கிளினிக்கில் பெயர் பதிந்தால் பக்கத்து வீட்டு அக்கா பார்ப்பார், உறவில் ஒருவர் அங்கே தாதியாக இருப்பார், சேதி பரவிவிடும். அதனால் தள்ளிப் போடுகிறார்கள். இந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு முறை இழந்தவர்களுக்குத்தான் அது தெரியும். ஆனால் ஊருக்குச் சொல்வது வேறு, டாக்டரிடம் சொல்வது வேறு. ஊருக்கு ஐந்தாம் மாதம் சொல்லுங்கள், ஏழாம் மாதம் வளைகாப்புப் பத்திரிகையில்கூடச் சொல்லுங்கள். டாக்டருக்கு 10ஆம் வாரத்தில் தெரிய வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது இன்னொன்று. டாக்டரிடம் வருகிறார்கள், ஆனால் ஐவிஎஃப் என்பதைச் சொல்வதில்லை.

அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெண், கூடவே மாமியார். மாமியார் நல்ல மனுஷி, மருமகளுக்கு ஃபிளாஸ்கில் வெந்நீர் வரை கொண்டு வந்திருந்தார். "ரொம்ப நாளா உண்டாகல டாக்டர். தண்ணீர்மலையில வேண்டிக்கிட்டோம், தைப்பூசத்துக்கு பால்குடம் எடுத்தா. அடுத்த மாசமே நின்னுடுச்சு" என்று கண் கலங்கச் சொன்னார். நான் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்டேன். அந்தப் பெண் ஒரு தேதி சொன்னாள், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னாள். "ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களாம்மா?" என்றேன். "ஃபோலிக் ஆசிட் மட்டும்தான்" என்றாள். மடியிலிருந்த கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் கிளினிக்கில் முதல் முறை வரும் எல்லாரையும் எடை பார்க்க, ரத்த அழுத்தம் பார்க்க தாதி தனியாக உள்ளே கூட்டிப் போவார். அங்கே கூட வந்தவர்களுக்கு அனுமதி இல்லை. கணவருக்கும்தான். அந்த இரண்டு நிமிடத்தில் தாதி மெதுவாகக் கேட்பார்: "சிகிச்சை எடுத்துக்கிட்டீங்களா? வேற ஏதாவது டாக்டர்கிட்ட மட்டும் சொல்லணுமா?" அன்று அந்தப் பெண் பையைத் திறந்தாள். கர்ப்பத்தைத் தாங்க உதவும் ஹார்மோனான புரொஜெஸ்டெரோன், பிறப்புறுப்புக்குள் வைக்கும் மாத்திரை அட்டை, காலியாக. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, அதுவும் முடிந்திருந்தது. மாமியார் வீட்டுக்குத் தங்க வந்ததால் மையத்துக்குப் போய் மறுபடி வாங்க முடியவில்லை. அவளுக்கு அப்போது 9 வாரம்கூட முடியவில்லை. அன்றே மையத்துக்கு ஃபோன் செய்து பேசி மருந்தைத் தொடர்ந்தோம். வெளியே மாமியாரிடம் "சத்து மருந்து எழுதியிருக்கேன்மா, விடாம போடச் சொல்லுங்க" என்றேன். அவர் அதற்குப் பிறகு வேளை தவறாமல் ஞாபகப்படுத்தினாராம்.

பால்குடமும் ஐவிஎஃப்பும் ஒரே வீட்டில் இருக்கலாம். எனக்கு அதில் எந்த முரண்பாடும் இல்லை. ஆனால் எங்களிடம் மறைத்தால் பாதிக்கப்படுவது நீங்களும் குழந்தையும். நோயாளி சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வீட்டாரிடம் சொல்லக்கூடாது என்பது மலேசிய மருத்துவ மன்றம் எங்களுக்கு வைத்திருக்கும் விதி. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அரசு கிளினிக்கில் தரும் பிங்க் புத்தகம், அதாவது கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம், உங்களோடு வீட்டுக்கு வருகிறது, அங்கே யார் வேண்டுமானாலும் புரட்டுவார்கள். அந்தப் பயத்தால்தான் பலர் வாய் திறப்பதில்லை. ஐவிஎஃப் விவரத்தை, குறிப்பாக தான முட்டை அல்லது தான விந்து என்ற விவரத்தை, "புத்தகத்தில் எழுத வேண்டாம், உங்கள் ஃபைலில் மட்டும் வையுங்கள்" என்று நீங்கள் கேட்கலாம். தயங்காமல் கேளுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், உங்கள் தேதியே அதில்தான் இருக்கிறது. சிகிச்சைக்குப் போகிறவர்களில் மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களும் பலர். அவர்களுக்கு மாதவிலக்கை வைத்துக் கணக்குப் போட்டால் தவறும். கரு வைத்த தேதி தெரிந்தால் சந்தேகமே இல்லை. கர்ப்ப வாரங்களை மாதவிலக்கிலிருந்து எண்ணுவது வழக்கம் என்பதால், 5 நாள் வளர்ந்த கருவை வைத்த நாளை 2 வாரம் 5 நாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மார்ச் 3ஆம் தேதி வைத்தார்கள் என்றால் நவம்பர் 19 பிரசவத் தேதி. இதைவிடத் துல்லியமான தேதி இயற்கையாகக் கருத்தரித்த பெண்களுக்குக் கிடைக்காது. அதை மறைத்துவிட்டு, கடைசி மாதத்தில் குழந்தை சிறியதா, தேதி தவறா என்று நாங்கள் குழம்பும்படி ஆகக்கூடாது.

டவுன் சிண்ட்ரோம் பரிசோதனையும் அப்படித்தான். அதில் கணக்குக்கு எடுப்பது முட்டையின் வயதை. 34 வயதில் முட்டை எடுத்து, கருவை உறைய வைத்து, 38 வயதில் வைத்துக்கொண்டால் படிவத்தில் 34 என்றுதான் போக வேண்டும். தான முட்டை என்றால் தானம் தந்தவரின் வயது. முதலில் இரண்டு கரு தெரிந்து ஒன்று தானாக மறைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், தாயின் ரத்தத்தில் செய்யும் டிஎன்ஏ பரிசோதனையின் முடிவை அது குழப்பும். கருவை வைப்பதற்கு முன்பே குரோமோசோம் சோதனை செய்தவர்களும் கர்ப்பகால ஸ்கேனை விட்டுவிட முடியாது.

மருந்து விஷயத்தில் இரண்டு விதமான தவறைப் பார்க்கிறேன். அட்டை தீர்ந்ததும் தானாக நிறுத்துவது ஒன்று. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்று 20 வாரம் வரை போட்டுக்கொண்டே இருப்பது இன்னொன்று. புரொஜெஸ்டெரோனைப் பொதுவாக 10 முதல் 12 வாரத்தில் நிறுத்துவார்கள், அதற்குள் நஞ்சு தானே ஹார்மோன் சுரக்கத் தொடங்கிவிடும். ஹார்மோன் மாத்திரையால் தயார் செய்த கர்ப்பத்தில் நஞ்சு அந்த வேலையை ஏற்கும் வரை மருந்துதான் ஒரே துணை. தைராய்டு குறைவுக்கான மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது, கர்ப்பத்தில் பெரும்பாலும் அளவைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும். ஸ்டீராய்டு எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்தக்கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி போட்டுக்கொள்பவர்கள், எதற்காகக் கொடுத்தார்கள், எப்போது வரை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மையத்தை விட்டுக் கிளம்பும் கடைசி நாளில் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது முக்கியமாக இதுதான்: ஒவ்வொரு மருந்தின் பெயர், அளவு, நிறுத்தும் தேதி. கூடவே முட்டை எடுத்த தேதி, கரு வைத்த தேதி, எத்தனை கரு, ரத்தப் பரிசோதனை முடிவுகள். புது டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைத்த பிறகு பழைய இடத்திடம் விடைபெறுங்கள்.

புது இடத்தில் முதல் ஏமாற்றம் ஸ்கேன். மையத்தில் வாரா வாரம் பார்த்தார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இங்கே "நாலு வாரம் கழித்து வாங்க" என்கிறோம். அதைக் கேட்டதும் முகம் வாடிப்போவதை அடிக்கடி பார்க்கிறேன். அது அலட்சியம் இல்லை. எல்லாம் நன்றாக இருக்கும் கர்ப்பத்தை 28 வாரம் வரை மாதம் ஒரு முறை, 36 வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு வாரா வாரம் பார்ப்பதுதான் வழக்கம். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் சொல்லுங்கள், இடையில் ஒரு தடவை வந்து இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டுப் போவதில் எந்த டாக்டருக்கும் கஷ்டம் இல்லை. 20 வார ஸ்கேனில் மட்டும் ஒன்றைக் கேளுங்கள்: நஞ்சு எங்கே இருக்கிறது, தொப்புள்கொடி நஞ்சில் எந்த இடத்தில் சேர்கிறது. ஐவிஎஃப் கர்ப்பத்தில் நஞ்சு கீழே இறங்கியிருப்பதும், கொடி ஓரத்தில் சேர்வதும் சற்று அதிகம். முன்கூட்டியே தெரிந்தால் பிரசவத்தைப் பாதுகாப்பாகத் திட்டமிடலாம்.

சீனித்தண்ணி டெஸ்டையும் தவிர்க்காதீர்கள். நம் இந்தியப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு அதிகம், பிசிஓஎஸ் (சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தால் இன்னும் அதிகம். முதல் பதிவிலேயே ஒரு முறை செய்து, சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்தில் மறுபடி செய்வோம்.

"இவ்வளவு செலவு பண்ணிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கா போறது?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகப் போகலாம். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து சிகிச்சை செய்தவர்கள், மிச்சம் இருப்பதையும் பிரசவத்தில் தீர்க்க வேண்டியதில்லை. இரட்டைக் குழந்தையோ குறைமாதமோ வந்தால் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைக்குத் தனியாரில் ஆகும் செலவு குடும்பத்தையே உலுக்கும். பினாங்கு பொது மருத்துவமனையிலும் செபராங் ஜெயாவிலும் அந்த வசதி இருக்கிறது. தனியாரில் பிரசவிப்பவர்களும் வீட்டுக்கு அருகிலுள்ள அரசு கிளினிக்கில் பதிந்து வையுங்கள். பிரசவத்துக்குப் பிறகு சமூகத் தாதி வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார். ஐவிஎஃப் என்ற ஒரே காரணத்துக்காக சிசேரியன் தேவையில்லை. சொல்பவரிடம் வேறு காரணம் என்ன என்று கேளுங்கள்.

"படுத்தே இரு" என்று வீட்டில் சொல்வார்கள். வேண்டாம். நடமாடாமல் படுத்தே இருந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். வேலைக்குப் போகலாம், சமைக்கலாம், கோயிலுக்கு நடந்து போகலாம்.

கடைசியாக, இரண்டு டாக்டர்களுக்கு நடுவில் இருக்கும் வாரங்களில் இரவில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? உள்ளே வைக்கும் மாத்திரையால் லேசான பழுப்புக் கறை வருவது சகஜம். மறுநாள் காலையில் ஃபோன் செய்து சொன்னால் போதும். சிவப்பு ரத்தம் நாப்கின் நனையும் அளவுக்கு வந்தாலோ, வயிற்றின் ஒரு பக்கம் கடுமையாக வலித்தாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ, வயிறு உப்பி மூச்சு வாங்கினாலோ யார் அனுமதிக்கும் காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது அந்தக் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதைப் படம் பிடித்துக் கணவரின் ஃபோனிலும் ஒன்று வைத்திருங்கள்.